ஐந்தரை மணிக்கு என்ன செய்வீர்கள்?

தம்பி கேட்டிருப்பதை மற்றவர்களுக்கும் புரியும்படி சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வயது 46, மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்தில் செம்பனை ஆலையில் வேலை, சாயங்காலம் ஐந்து மணிக்கு வீடு. ஞாயிறு முதல் வெள்ளி வரை தினமும் மூன்று டின் பீர், சனிக்கிழமை ராத்திரி கூட்டாளியோடு சேர்ந்து ஒரு போத்தல் பிராண்டி, ஆளுக்குப் பாதி. தொழிலாளர் காப்புறுதி நிறுவனமான சொக்சோ கொடுத்த இலவசப் பரிசோதனைக்குப் போனதில் ரத்த அழுத்தம் 148/94, வெறும் வயிற்றில் சர்க்கரை 6.6 மில்லிமோல், இடுப்பு 41 அங்குலம். அப்புறம் தனியாக எடுத்துப் பார்த்ததில் ஈரலுக்கான ஜிஜிடி என்ற ரத்தப் பரிசோதனை 118, ஸ்கேனில் ஈரலில் கொழுப்பு. "வீட்டில் முழுசா விடச் சொல்றாங்க. எனக்குக் குறைச்சாலே போதும். கிளினிக்குக்குப் போகாம நானே செய்ய முடியுமா, எங்கிருந்து ஆரம்பிக்கிறது?" என்று கேட்கிறார்.

நான் டாக்டர் இல்லை. 29 வருஷம் தோட்டத்து மருந்தகத்தில் எச்.ஏ.வாக (ஹாஸ்பிட்டல் அசிஸ்டன்ட்) இருந்தவன், லயத்து வரிசை வீட்டு மக்கள் வாயில் டிரஸ்ஸர். அதில் பாதிக் காலம் நானும் உங்களைப் போலத்தான். பகலெல்லாம் அடுத்தவன் ஈரலைப் பற்றிப் புத்தி சொல்லிவிட்டுச் சாயங்காலம் ஆனால் என் ஈரலை மறந்துவிடுவேன். 49 வயதில்தான் நின்றது. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு கேள்வி. இதற்குப் பதில் தெரியாமல் அரை டின்னைக்கூடக் குறைக்காதீர்கள். காலையில் எழுந்ததும் கை நடுங்குகிறதா? டீ கிளாசைத் தூக்கும்போது தளும்புகிறதா, காரணமில்லாமல் வியர்க்கிறதா, ஒரு மடக்கு உள்ளே போனால்தான் அடங்குகிறதா?

ஏன் கேட்கிறேன் என்றால், தொண்ணூறுகளில் ஒரு தைப்பூசத்துக்கு முன்னால் நடந்தது. எங்கள் தோட்டத்து மண்டோர் (கங்காணி) ஒருவர் ஈப்போ கல்லுமலைக் கோயிலுக்குக் காவடி எடுப்பதாக நேர்ந்துகொண்டு மாலை போட்டார். பத்துப் பன்னிரண்டு வருஷமாகத் தினமும் சம்சு என்ற மலிவுச் சரக்கைக் குடித்த மனுஷன், மாலை போட்ட அன்றைக்கே அடியோடு நிறுத்திவிட்டார். எல்லோருக்கும் சந்தோஷம். மறுநாள் ராத்திரி லோரியில் தூக்கிப்போட்டுக் கொண்டுவந்தார்கள். உடம்பு விறைத்து வெட்டுகிறது, நெற்றி நிறையத் திருநீறு, அவருடைய அம்மா "சாமி வந்திருக்கு, ஊசி கீசி போட்டுடாதய்யா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுகிறார். நான் பார்த்தது கடிபட்ட நாக்கு, பிழிந்தால் சொட்டும் அளவுக்கு நனைந்த சட்டை, வலிப்பு நின்ற இடைவெளியிலும் நிற்காமல் ஆடிய விரல்கள். மனைவியிடம் கடைசியாக எப்போது குடித்தார் என்று கேட்டேன். "மாலை போட்ட அன்னிக்குக் காலையில." கணக்குப் பார்த்தால் நாற்பது மணி நேரம். வலிப்பை நிறுத்த ஊசி, வைட்டமின் பி1 ஊசி, தோட்டத்து வேனில் பெரிய ஆஸ்பத்திரி. பிழைத்துக்கொண்டார். அந்த வருஷம் காவடி எடுக்கவில்லை.

விஷயம் இதுதான். சாராயம், அதாவது பீரோ பிராண்டியோ எல்லாவற்றிலும் இருக்கும் ஆல்கஹால், மூளையை அமுக்கும். தினமும் அமுக்கினால் மூளை அதைச் சமாளிக்க எந்நேரமும் தன்னை முடுக்கி வைத்துக்கொள்ளப் பழகிவிடும். அமுக்கிய கையைத் திடீரென்று எடுத்துவிட்டால் முடுக்கினது மட்டும் மிஞ்சும். கடைசி மடக்குக்குப் பிறகு ஆறு, எட்டு மணி நேரத்தில் நடுக்கமும் வியர்வையும், முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு, இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் சிலருக்குப் புத்தி தடுமாறி இல்லாத பூச்சியெல்லாம் கண்ணில் தெரிவது. இந்தக் கடைசி நிலையில் ஆள் செத்தும் போகலாம். மன உறுதிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

உங்கள் அளவில், காலை நடுக்கம் இல்லை, முன்பு நிறுத்தியபோது வலிப்பு வந்ததில்லை, ஞாயிறு காலையில் தெளிய வைக்க ஒரு டின் தேவைப்படுவதில்லை என்றால் வீட்டிலேயே குறைக்கலாம். இந்த மூன்றில் ஏதாவது ஒன்று இருந்தாலும் கிளினிக்குக்குப் போய்த்தான் ஆகவேண்டும். ஒரு வாரம் அளந்து மாத்திரை கொடுத்து, பி1 கொடுத்து, பக்குவமாக இறக்குவார்கள். கிளினிக் என்று சொன்னதுமே நம் ஆட்களுக்குக் கண்ணில் வருவது தஞ்சோங் ரம்புத்தான். 1911 முதல் அங்கே மனநல மருத்துவமனை இருப்பதால் ஊர்ப் பெயரே நம்மிடம் வசவாகிவிட்டது. அரசாங்கக் கிளினிக்கில் ஒரு வெள்ளி (ரிங்கிட்) கட்டி "நான் அதிகம் குடிக்கிறேன், குறைக்கணும்" என்று சொன்னதற்காக யாரையும் வேனில் ஏற்றி அங்கே அனுப்பமாட்டார்கள்.

சரி, அடுத்தது அளவு. "மூன்று டின்தானே" என்று எழுதியிருக்கிறீர்கள், அந்தத் 'தானே'தான் எனக்கு இடிக்கிறது. 320 மில்லி டின், 5 சதவீதம் என்றால் அதில் சுத்தமான சாராயம் ஏறக்குறைய 12.6 கிராம். வாரம் 18 டின், 227 கிராம். பிராண்டி 700 மில்லி, 40 சதவீதம், அதில் பாதி உங்கள் பங்கு என்றால் 110 கிராம். ஆக வாரத்துக்கு 337 கிராம். இங்கிலாந்தில் 2016-இல் திருத்திய ஆலோசனைப்படி ஆணோ பெண்ணோ வாரத்துக்கு 112 கிராமைத் தாண்டக்கூடாது. நீங்கள் அதைப்போல மூன்று மடங்கு. உலகச் சுகாதார நிறுவனம் இன்னும் ஒரு படி மேலே போய், பாதுகாப்பான அளவு என்று எதையும் சொல்வதற்கில்லை என்று 2023 ஜனவரியில் சொல்லிவிட்டது. சாராயம் புற்றுநோய் உண்டாக்கும் முதல் வகைப் பொருள் என்பது 1988-லேயே பட்டியலில் ஏறிய சங்கதி.

நம்பிக்கை வரவில்லை என்றால் ஒரு காரியம் செய்யுங்கள். வீட்டில் வழக்கமாக ஊற்றுகிற எவர்சில்வர் டம்ளரை எடுங்கள், கண்ணால் பார்த்து 'ஒரு பெக்' தண்ணீர் ஊற்றுங்கள், அதைக் குழந்தைகளுக்கு இருமல் மருந்து அளக்கும் சின்ன மூடியால் அளந்து பாருங்கள். நான் என் ஒரு பெக்கை அளந்தபோது 85 மில்லி வந்தது. பெக் என்றால் 30 மில்லி. நான் இரண்டு பெக் என்று டாக்டரிடம் சொன்னபோதெல்லாம் ஏறக்குறைய ஆறு பெக் குடித்திருக்கிறேன், அதுவும் பொய் சொல்கிறோம் என்றே தெரியாமல்.

வயிறு எங்கிருந்து வந்தது என்று கேட்டிருந்தீர்கள். ஒரு கிராம் சாராயத்தில் 7 கலோரி, கொழுப்புக்கு அடுத்தபடி. பீரில் இருக்கும் மாவுச்சத்தையும் சேர்த்தால் உங்கள் வாரக் கணக்கு 3,000 கலோரியைத் தாண்டும், சின்ன நாசி லெமாக் (தேங்காய்ப்பால் சோறு) பொட்டலம் ஏழெட்டு. இதில் வறுத்த கச்சானையும் பொரித்த கோழியையும் நான் சேர்க்கவில்லை. போதாததற்கு, சாராயம் உள்ளே வந்துவிட்டால் ஈரல் மற்ற வேலையை நிறுத்திவிட்டு அதைத்தான் முதலில் எரிக்கும், கூடவே தின்ற கொழுப்பு எரியாமல் தங்கிவிடும். அது போய் உட்காருகிற இடம் ஈரலும் இடுப்பும். நம் ஆண்களுக்கு இடுப்பு 90 சென்டிமீட்டர், அதாவது 35 அங்குலத்துக்குள் இருக்கவேண்டும். அளக்கும்போது கால்சட்டை நம்பரை நம்பாதீர்கள், அது தொப்பைக்குக் கீழே கட்டுவது. தொப்புள் மட்டத்தில் டேப்பைச் சுற்றி, மூச்சை விட்டுவிட்டுப் பாருங்கள்.

இப்போது நான் முக்கியமாகச் சொல்ல நினைத்ததற்கு வருகிறேன். எல்லோரும் போத்தலைப் பற்றியே பேசுகிறார்கள். இத்தனை வருஷம் பார்த்ததில் எனக்குப் பட்டது, நம் ஆட்களுடைய பிரச்சினை போத்தல் இல்லை, நேரம். பழைய தோட்டத்து நாளை நினைத்துப் பாருங்கள். விடியற்காலை ஐந்தரைக்குப் பெரட்டு (ஆள் கணக்கெடுப்பு), இருட்டு கலைவதற்குள் ரப்பர் மரத்தடி, பால் வெட்டி, பால் எடுத்து, ஸ்டோரில் நிறுத்துப் போட்டுவிட்டு மதியம் இரண்டுக்கெல்லாம் லயத்துக்கு வந்துவிடுவார்கள். அதற்கப்புறம் ராத்திரி வரை ஆணுக்கு ஒரு வேலையும் கிடையாது, போக இடமும் கிடையாது. பெண்களுக்கு இருந்தது, அடுப்பும் துணியும் பிள்ளையும். அந்தக் காலியான நேரத்தில் திறந்திருந்தது கள்ளுக்கடை, அதையும் தோட்டமே வைத்திருந்தது. அந்தக் காலத்து ஆட்களுக்கே இது புரிந்திருந்தது. 1941-இல் கிள்ளான் தோட்டங்களில் வேலைநிறுத்தம் நடந்தபோது கேட்ட கோரிக்கைகளில் கள்ளுக்கடையை மூடு என்பதும் ஒன்று. 1947-இல் கெடாவில் தொண்டர் படை கள்ளுக்கடைகளுக்கு எதிராக இறங்கியபோது போலீசோடு மோதல் வரை போனது. அப்புறம் கடை போனது, தோட்டம் துண்டாடப்பட்டது, நாமெல்லாம் தாமான் (புறநகர்க் குடியிருப்பு) வீட்டுக்கு வந்துவிட்டோம். அந்தக் காலியான நேரம் மட்டும் மாறாமல் கூடவே வந்துவிட்டது, உங்கள் விஷயத்தில் இரண்டு மணி ஐந்து மணியாகியிருக்கிறது, அவ்வளவுதான்.

ஆகவே "இன்றைக்குக் குடிக்கமாட்டேன்" என்று சத்தியம் செய்வதைவிட, ஐந்தரையிலிருந்து ஏழரை வரை என்ன செய்யப் போகிறோம் என்று முடிவு செய்வதுதான் வேலை. எனக்குப் பலித்த ஒரே தந்திரத்தைச் சொல்கிறேன், சிரிக்காதீர்கள். சோற்றை முதலில் சாப்பிட்டுவிடுவது. குடிக்கிற யாரையும் கேட்டுப் பாருங்கள், சாப்பிட்டுவிட்டால் தண்ணி இறங்காது, ருசிக்காது. அதனால்தானே வீட்டில் ஒன்பது மணி வரை சோறு ஆறிக் கிடக்கிறது! வெறும் வயிற்றில் ஊற்றினால்தான் 'ஏறும்' என்று நாம்தான் பசியைப் பிடித்து வைக்கிறோம். வேலை முடிந்து வரும்போது இருப்பது பாதி பசி, கால்வாசி தாகம், மீதிதான் ஆசை. ஐந்து மணிக்கு வந்ததும் இரண்டு கிளாஸ் பச்சைத் தண்ணீர், குளியல், ஆறு மணிக்குள் சோறு, ரசம், மீன், கீரை, இரண்டாவது தடவையும் போட்டுக்கொள்ளுங்கள் பரவாயில்லை. ஆறரைக்கு உங்கள் வாய் பீர் கேட்கிறதா என்று பாருங்கள். முதல் நாளே மாயம் நடக்காது. பத்து நாள் செய்யுங்கள். வீட்டம்மாவிடம் இதைச் சொல்லி ஆறு மணிச் சமையலுக்குக் கேட்டுக்கொள்ளுங்கள், கூடவே நீங்களும் வெங்காயம் நறுக்கினால் அந்த இரண்டு மணி நேரத்தில் அரை மணி அங்கேயே போய்விடும். ஆனால் போத்தல் எண்ணுகிற போலீஸ் வேலையை அவரிடம் கொடுக்காதீர்கள். அவர் எண்ணத் தொடங்கினால் நீங்கள் ஒளிக்கத் தொடங்குவீர்கள், நான் ஒளித்த இடங்களைச் சொன்னால் நீங்களே தலையில் அடித்துக்கொள்வீர்கள், ஒன்று மருந்தகத்துத் தடுப்பூசிப் பெட்டி.

சாப்பிட்டதும் வெளியே கிளம்பிவிட வேண்டும், உட்கார்ந்தால் போச்சு. தமிழ்ப்பள்ளித் திடலைச் சுற்றி நடங்கள். ஓடவேண்டாம், பக்கத்தில் வருகிறவரோடு பேச முடியணும், பாட முடியக்கூடாது, அந்த வேகம் போதும். வாரத்துக்கு 150 நிமிஷம் என்று சொல்வார்கள், அதாவது ஐந்து நாள், தினம் அரை மணி. கூடவே நாற்காலியில் கையூன்றாமல் உட்கார்ந்து எழுவது பத்து, சுவரைப் பிடித்துத் தண்டால் பத்து. நாற்பதுக்கு மேல் தசை தானாகக் கரைய ஆரம்பிக்கும், குடிக்கிறவர்களுக்குக் கூடுதலாகவே. சர்க்கரையை இழுத்து எரிப்பது அந்தத் தசைதான். நாட்டில் 2019-இல் எடுத்த சுகாதாரக் கணக்கெடுப்பில் பெரியவர்களில் 18.3 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய், இனவாரியாகப் பார்த்தால் நம் ஆட்கள்தான் முதலிடம். உங்கள் 6.6 இன்னும் அந்தப் பக்கம் போகவில்லை, 7-ஐத் தொட்டால் பெயர் மாறிவிடும்.

எப்படிக் குறைப்பது என்று கேட்டீர்கள். நடுக்கம் இல்லாதவர் என்ற நம்பிக்கையில் சொல்கிறேன். இந்த வாரம் மூன்று டின் இரண்டாகட்டும், அடுத்த வாரம் ஒன்று. வீட்டில் இருப்பு வைக்காதீர்கள், கார்ட்டன் மலிவு என்று வாங்கி வைத்துவிட்டு ஐஸ் பெட்டியோடு மல்லுக்கட்ட யாராலும் முடியாது. சனிக்கிழமை பிராண்டியை முதல் வாரமே கழற்றிவிடுங்கள், உள்ளதில் மோசமானது அதுதான், ஒரே மூச்சில் 110 கிராம். ராத்திரி பன்னிரண்டுக்கு முடித்துவிட்டு ஞாயிறு காலை ஏழு மணிக்கு மோட்டார் சைக்கிளில் மார்க்கெட்டுக்குப் போகிறீர்கள் பாருங்கள், அப்போதும் ரத்தத்தில் சட்டம் சொல்கிற அளவுக்குப் பக்கத்திலோ மேலேயோ இருக்கும். உடம்பு மணிக்கு, 100 மில்லி ரத்தத்துக்கு 15 மில்லிகிராம் அளவில்தான் இறக்கும், கொபி ஓ (கறுப்புக் காப்பி) குடித்தாலும் குளித்தாலும் அந்த வேகம் கூடாது. 2020 அக்டோபரில் வண்டி ஓட்டுகிறவர்களுக்கான வரம்பை 80 மில்லிகிராமிலிருந்து 50-க்கு இறக்கிவிட்டார்கள், முதல் தடவை பிடிபட்டாலே குறைந்தது 10,000 வெள்ளி அபராதம், ஜெயிலும் உண்டு.

மூன்றாவது வாரத்திலிருந்து 30 நாள் சுத்தமாக ஒன்றுமே வேண்டாம். "குறைச்சாப் போதும்னுதானே கேட்டேன்" என்பீர்கள். தெரிகிறது. அந்த 30 நாள் உங்களுக்கு ஒரு ரத்தப் பரிசோதனை மாதிரி. முடித்துவிட்டீர்கள் என்றால், பிறகு வாரத்தில் இரண்டு நாள், ஒரு டின் இரண்டு டின் என்று வைத்துக்கொள்ள முடிகிறதா பார்க்கலாம். பன்னிரண்டாம் நாளில் விழுந்தீர்கள், திரும்ப ஆரம்பித்து ஒன்பதாம் நாளில் விழுந்தீர்கள் என்றால் நீங்கள் குறைக்கிற சாதி இல்லை, என்னைப் போல் முழுசாக விடவேண்டிய சாதி. எனக்கு ஒன்று என்பது எப்போதும் ஆறுக்குப் பிள்ளையார் சுழிதான். ஒன்றுமில்லாமல் இருப்பது எனக்குச் சுலபம், ஒன்றோடு நிறுத்துவதுதான் நரகம். ஸ்கேனில் கொழுப்போடு ஈரல் இறுகியும் இருக்கிறது என்று டாக்டர் சொன்னால் இந்தப் பேச்சுக்கே இடமில்லை, முழுசாக விடணும்.

இன்னொன்றும் நான் கவனித்தது. நம்மில் எத்தனை பேர் தைப்பூசத்துக்கு மாலை போட்டு 48 நாள் ஒரு சொட்டு தொடாமல் இருக்கிறார்கள்! முடியும் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும். ஆனால் காவடி இறக்கிய மறுநாளே பழைய இடத்தில் உட்கார்ந்துவிடுகிறார்கள், ஏனென்றால் அந்த 48 நாளும் சாயங்காலத்துக்குக் கோயில் இருந்தது, பூஜை இருந்தது, உறுமி மேளம் இருந்தது, 49-ஆம் நாள் சாயங்காலத்துக்கு ஒன்றுமில்லை.

கூட்டாளிகளைப் பற்றி. "விட்டுட்டேன்" என்று அறிவிக்காதீர்கள், உடனே பந்தயம் கட்டுவார்கள். "ஜிஜிடி ஏறிப்போச்சு, மாத்திரை சாப்பிடறேன்ணே" என்றால் போதும், நம் ஊரில் மாத்திரைக்கு இருக்கும் மரியாதை வைராக்கியத்துக்குக் கிடையாது. சாப்பிட்டுவிட்டுப் போங்கள், கடையில் தே ஓ கோசோங் (பால், சர்க்கரை இல்லாத தேநீர்) சொல்லுங்கள், ஒரு மணி நேரத்தில் கிளம்புங்கள். போதையில்லாமல் உட்கார்ந்து பார்த்தால் எட்டரைக்கு மேல் அங்கே சொன்னதையே சொல்லிக்கொண்டிருப்பது தெரியும். அந்தச் சனிக்கிழமைக் கூட்டாளி மட்டும் தனிக் கேஸ். அவரிடம் உண்மையைச் சொல்லிவிடுங்கள், போத்தலில் பாதி அவருடையது என்பதால் அவர் ரிசல்ட்டும் உங்களுடையது மாதிரிதான் இருக்கும். நான் அப்படி உண்மையைச் சொன்ன ஒரு கிராணி (தோட்டத்துக் கணக்கர்) என்னோடு சேர்ந்தே நிறுத்தினார். வேறு இரண்டு பேர் பேச்சையே நிறுத்திவிட்டார்கள், அந்த வருத்தம் எனக்கு இன்னும் போகவில்லை.

தூக்கத்தைப் பற்றி எச்சரித்துவிடுகிறேன், இங்கேதான் பாதிப் பேர் திரும்பிவிடுகிறார்கள். குடித்தால் சீக்கிரம் தூக்கம் வரும் என்பது உண்மை, பின்ராத்திரியில் அது கலைத்துவிடும் என்பதும் உண்மை. மூன்று மணிக்கு வாய் வறண்டு முழிப்பு வருகிறதே, அது இதனால்தான். விட்ட முதல் வாரம் தூக்கமே வராது, கனவு கண்டபடி வரும், "பழையபடி ஒன்று போட்டால் தூங்கலாமே" என்று மனசு பிராண்டும். இரண்டு மூன்று வாரத்தில் சரியாகும். எனக்குப் பத்தொன்பதாம் நாள் ராத்திரி பத்துக்குப் படுத்து ஐந்தரைக்கு எழுந்தேன், நடுவில் ஒன்றுமே இல்லை, எழுந்து வெகுநேரம் கட்டிலிலேயே உட்கார்ந்திருந்தேன், பக்கத்து வீட்டுச் சேவல் கூவியதைக் கேட்டு எத்தனை வருஷமாச்சு என்று.

மற்ற பலன்களும் நீங்கள் நினைப்பதைவிட வேகமாக வரும். ஜிஜிடி இரண்டு மூன்று வாரத்தில் பாதியாக இறங்கக்கூடிய சரக்கு, உங்கள் 118 அந்த 30 நாளில் அறுபதைத் தொட்டால் ஆச்சரியமில்லை. குடியால் வந்த ஈரல் கொழுப்பு நாலு முதல் ஆறு வாரத்தில் பெருமளவு கரையும், தொப்பையால் வந்த பங்கு நடந்துதான் கரையணும். ரத்த அழுத்தம் சில புள்ளி இறங்கும், அதற்காக மாத்திரை கொடுத்திருந்தால் நீங்களாக நிறுத்தாதீர்கள். ஆனால் ஈரல் வலித்துக் காட்டாது என்பதை மறக்கவேண்டாம். காலும் வயிறும் வீங்கி, கண் மஞ்சளாகி மருந்தகத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் என்னிடம் சொன்னது ஒன்றேதான், "முந்தாநாள் வரைக்கும் நல்லாத்தானே இருந்தேன் டிரஸ்ஸரே."

மாத்திரைகள் பற்றிச் சின்னதாக. காலைத் தலைவலிக்கு இரண்டு இரண்டாகப் பானடோல் விழுங்கும் பழக்கம் இருந்தால் அதை நிறுத்துங்கள், தினமும் குடிக்கிற ஈரலுக்கு வழக்கமான அளவே அதிகமாகிவிடலாம். இன்னும் கொஞ்ச நாளில் சர்க்கரைக்கு மாத்திரை கொடுத்தால் குடியைப் பற்றி மறைக்காமல் சொல்லுங்கள். கிளிகிளாசைட் மாதிரி மாத்திரையைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் குடித்தவருக்குச் சர்க்கரை அடிமட்டத்துக்கு இறங்கும், பேச்சுக் குழறும், தள்ளாடும், வீட்டில் 'போதை' என்று விட்டுவிடுவார்கள். அப்படி விடிய விடிய விட்டுவிட்ட ஒரு கேஸ் எனக்குத் தெரியும். ஆசையைக் குறைப்பதற்கென்றே நல்ட்ரெக்ஸோன் என்று ஒரு மாத்திரையும் இருக்கிறது, டாக்டர் ஈரலைப் பார்த்துவிட்டு எழுதித்தர வேண்டியது. 30 நாள் உங்களால் முடியவில்லை என்றால் அதைப் பற்றிக் கேளுங்கள், கேட்பதில் கேவலம் ஒன்றுமில்லை.

கடைசியில் "கள்ளு இயற்கையானதுதானே, பீருக்குப் பதில் அதைக் குடிக்கலாமா" என்று வேறு கேட்டிருக்கிறீர்கள். புளித்த கள்ளில் ஏறக்குறைய பீர் அளவுக்குச் சாராயம் இருக்கும், வைக்க வைக்கக் கூடும், ஈரலுக்குத் தென்னை மரமும் தொழிற்சாலையும் ஒன்றுதான். முனியாண்டிக்குப் படைத்துவிட்டுப் பிரசாதமாகக் கொடுப்பதற்கும் இதே பதில்தான், வாங்கி மண்ணில் ஊற்றிவிட்டுக் கும்பிடுங்கள், முனியாண்டி கோபித்துக்கொண்டதாக நான் பார்த்ததில்லை. லேபிள் தெரியாத மலிவுச் சரக்கு மட்டும் எந்தக் காலத்திலும் தொடாதீர்கள். 2018 செப்டம்பரில் சிலாங்கூர், கோலாலம்பூர் பக்கம் மெத்தனால் கலந்த சரக்கைக் குடித்து முப்பதுக்கு மேற்பட்டவர்கள் செத்தார்கள், மெத்தனால் முதலில் பிடிப்பது கண்ணை.

30 நாள் முடிந்ததும் அதே ரத்தத்தைத் திரும்ப எடுத்துப் பாருங்கள். கிளினிக்கில் எட்டு மணிக்குப் போனால் மதியம்தான், ஏழேகாலுக்கே போய் நம்பர் எடுத்துவிடுங்கள். முந்தின ராத்திரி பத்து மணிக்கு மேல் ஒன்றும் சாப்பிடவேண்டாம், பச்சைத் தண்ணீர் குடிக்கலாம். பழைய ரிசல்ட் தாளை மறக்காமல் கையில் எடுத்துக்கொண்டு போங்கள், ரத்தம் எடுத்து முடித்ததும் சாப்பிட ஒரு ரொட்டி சானாய் பொட்டலமும், பருப்புக் கறியோடு, ஒன்றே ஒன்று.